மலைக்கிராமத்து மதியச் சாப்பாடு: வடக்கு ஸ்பெயினில் எங்கே, எப்போது, எதை உண்பது?

கேள்வி: செப்டம்பர் கடைசியில் குடும்பத்துடன் வடக்கு ஸ்பெயினின் பீகோஸ் தே எயூரோப்பா மலைப்பகுதிக்கு ஐந்து நாள் பயணம் செல்கிறோம். கார் வாடகைக்கு எடுக்கிறோம். பகலெல்லாம் மலையில் நடந்துவிட்டு, இரவில் கிராமத்து உணவகங்களில் அந்த ஊர்ச் சமையலைச் சாப்பிடலாம் என்று நினைத்திருக்கிறோம். அப்பாவும் நானும் அசைவம்தான், ஆனால் மாட்டிறைச்சி தொடமாட்டோம். அம்மா சைவம், பால், முட்டை மட்டும் சேர்த்துக்கொள்வார். எப்படித் திட்டமிடுவது?

பதில்: உங்கள் திட்டத்தில் நான் மாற்றச் சொல்வது ஒன்றே ஒன்றுதான். ஊர்ச் சமையலை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரவுக்குத் தள்ளினால், தேடிப் போன உணவு கிடைக்காமல் திரும்ப நேரிடும்.

அந்த மலைகளின் பெயர்பெற்ற உணவுகள் எல்லாமே காலையிலேயே அடுப்பில் ஏற்றி, மெல்லிய தீயில் மணிக்கணக்கில் வேகவைப்பவை. அவை மதியம் 1:30 மணிக்கு மேல் பரிமாறப்படுகின்றன. 4 மணிக்குள் சமையலறை மூடிவிடும். பானை காலியானால் அன்றைக்கு அதோடு சரி. அவ்வூர் மக்களே இரவில் பயறும் கொழுப்பும் சேர்ந்த இந்தக் கனமான உணவை உண்பதில்லை. இரவு 8:30 மணிக்கு மேல் உணவகம் மீண்டும் திறக்கும்போது, பொரித்தவையும் வறுத்தவையும் முட்டையும் பாலாடைக்கட்டித் தட்டுகளும்தான் பெரும்பாலும் இருக்கும். ஆகவே காலை 8 மணிக்கே நடையைத் தொடங்கி, 1:30 மணிக்குள் ஏதேனும் ஒரு கிராமத்தில் வந்து உட்காரும்படி நாளை வகுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, சாலையே இல்லாத புல்னெஸ் கிராமத்துக்குப் போன்செபோஸிலிருந்து மலைப்பாதையில் ஏறிச் சென்று, அங்கே மதியம் சாப்பிட்டுவிட்டு, 2001-இல் திறக்கப்பட்ட சுரங்க இழுவை ரயிலில் ஏழெட்டு நிமிடங்களில் கீழே வந்துவிடலாம். ஏறும்போது வந்த பசி வீணாகாது. இறங்கும்போது நிறைந்த வயிற்றோடு நடக்கவும் வேண்டாம்.

அடுத்து, எதை உண்பது என்பது. இந்த மலைத்தொகுதி அஸ்தூரியாஸ், கந்தாப்ரியா, லெயோன் என்ற மூன்று நிலப்பகுதிகளில் பரவிக் கிடக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் பானையும் மாறுகிறது. அஸ்தூரியாஸ் பக்கத்தில் முதலிடம் ஃபபாதாவுக்கு. ‘ஃபபெஸ்’ எனப்படும் பெரிய வெள்ளை அவரை விதைகளை முந்தைய இரவே ஊறவைத்து, சோரிசோ என்ற மிளகாய்த்தூள் சாசேஜ், மொர்சியா என்ற இரத்த சாசேஜ், பன்றிக் கொழுப்பு, உப்பிட்டுப் பதப்படுத்திய முன்தொடை இறைச்சி ஆகியவற்றோடு சேர்த்து வேகவைக்கிறார்கள். இடையிடையே குளிர்ந்த நீரைச் சிறிது ஊற்றிக் கொதியை அடக்குவது அவர்களுடைய கைப்பழக்கம்; அப்படிச் செய்தால் விதையின் தோல் கிழியாமல் உள்ளே மட்டும் வெண்ணெயாகக் குழையும். கரண்டி போட்டுக் கிளறமாட்டார்கள், பானையின் இரண்டு பிடிகளையும் பிடித்து மெல்ல ஆட்டுவார்கள். நன்றாகச் சமைத்த ஃபபாதாவில் விதைகள் முழுதாக இருக்கும், சாறோ கெட்டியாக இருக்கும். இந்த இரண்டும் கூடி வந்திருந்தால் அந்தச் சமையலறையை நம்பலாம்.

அதன் புகை மணத்துக்குக் காரணம் தட்பவெப்பம். மலைக்குத் தெற்கே உள்ள உலர்ந்த மேட்டுநிலத்தில் இறைச்சியைக் காற்றிலேயே பதப்படுத்த முடிகிறது; கடலிலிருந்து ஈரக்காற்று வீசும் அஸ்தூரியாஸில் அது எளிதல்ல, ஆகவே சாசேஜ்களை விறகுப் புகையில் தொங்கவிட்டு உலர்த்துகிறார்கள். பன்றி அறுக்கும் காலம் நவம்பர் 11-ஆம் நாள் வரும் புனித மார்ட்டின் திருநாளை ஒட்டித் தொடங்குவது மரபு. இறைச்சி குளிர்காலம் முழுவதும் தாங்க வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்த சமையல் இது. சுவையின் ஆழமும் கொழுப்பின் கனமும் அதிலிருந்தே வருகின்றன.

ஃபபாதாவைவிட மலைக்கு நெருக்கமானது என்று நான் கருதுவது ‘போத்தே’. அதே வெள்ளை அவரையோடு, முட்டைக்கோஸ் குடும்பத்தைச் சேர்ந்த அகன்ற கீரையும் உருளைக்கிழங்கும் சேரும். கீரையின் இலேசான கசப்பு கொழுப்பின் திகட்டலைக் குறைத்துவிடுவதால், முதல் நாளில் உங்கள் வயிற்றுக்கும் இதுவே உகந்தது. கந்தாப்ரியா பக்கம் போனால், வெள்ளை அவரையும் கீரையும் பன்றி விலாவும் சேர்ந்த கோசிதோ மொந்தான்யேஸ் இதற்கு உறவு.

போத்தெஸ் ஊரை மையமாகக் கொண்ட லியேபனா பள்ளத்தாக்கில் கொண்டைக்கடலை வந்துவிடுகிறது. கோசிதோ லெபானியேகோ என்ற அந்த விருந்து பகுதி பகுதியாக வரும்: முதலில் மெல்லிய சேமியா போட்ட தெளிந்த சாறு, பிறகு சிறிய கொண்டைக்கடலையும் கோஸும், அதோடு இறைச்சிகளும், ரொட்டித்தூளும் முட்டையும் பிசைந்து செய்த உருண்டையும். ஆனால் உங்கள் வீட்டுக்கு இது பொருந்தாது. மாட்டிறைச்சி அதன் மரபான பொருள்களில் ஒன்று, அந்தச் சாறே அதில் இறங்கியதுதான். ‘கச்சோப்போ’ என்ற பெயரையும் பலகைதோறும் காண்பீர்கள். இரண்டு அகன்ற மாட்டிறைச்சித் துண்டுகளுக்கு நடுவே ஹாமும் (பதப்படுத்திய பன்றித்தொடை இறைச்சி) பாலாடைக்கட்டியும் வைத்துப் பொரித்தது அது, அதையும் தவிர்த்துவிடுங்கள். மெனுவில் ‘தெர்னேரா’ என்றிருந்தால் கன்றிறைச்சி, ‘செர்தோ’ என்றால் பன்றி, ‘கோர்தேரோ’ என்றால் செம்மறிக்குட்டி. சில தயாரிப்பாளர்களின் சோரிசோவில் மாட்டிறைச்சியும் கலப்பதுண்டு என்பதால், ஃபபாதா சொல்லும்போதே “லெவா தெர்னேரா?” (இதில் கன்றிறைச்சி சேர்ந்திருக்கிறதா?) என்று கேட்டுவிடுவது நல்லது. ‘கப்ரித்தோ’ என்ற வெள்ளாட்டுக்குட்டிக் கறியை எங்கே கண்டாலும் தயங்காமல் வாங்குங்கள். அந்தப் பாறைச் சரிவுகளில் வெள்ளாடு வளர்ப்பு பழமையானது, குட்டிக்கறியைப் பக்குவமாக ஆக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

அம்மாவுக்கான உணவுதான் கவனம் தேவைப்படும் பகுதி. பானை உணவுகள் எதிலிருந்தும் இறைச்சியை எடுத்துவிட்டுத் தரச் சொல்லிப் பயனில்லை. அது முழுக்க முழுக்க இறைச்சிச் சாறு. வெறும் காய்கறிக் கூட்டு என்று மெனுவில் எழுதியிருப்பதிலும் ஹாம் துண்டுகள் கிடக்கும், ‘என்சலாதா மிஸ்தா’ என்ற சாதாரண சாலட்டில் சூரைமீன் இருக்கும். “இறைச்சி சாப்பிடமாட்டேன்” என்று பொதுவாகச் சொன்னால் ஹாமையும் மீனையும் அதில் சேர்த்து எண்ணாத பரிமாறுபவர்கள் உண்டு. ஆகவே ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல வேண்டும்: “நோ கோமே கார்னே, நி ஹமோன், நி சோரிசோ, நி பெஸ்காதோ, நி அத்தூன்” (இவர் இறைச்சி, ஹாம், சோரிசோ, மீன், சூரைமீன் எதையும் சாப்பிடமாட்டார்). இதை ஸ்பானிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி அம்மா கையில் கொடுத்துவையுங்கள்.

அதற்காக அவர் ரொட்டியும் சாலட்டுமாக ஐந்து நாளை ஓட்ட வேண்டியதில்லை. மக்காச்சோள மாவில் தட்டி எண்ணெயில் பொரித்தெடுக்கும் ‘தோர்த்தோஸ்’ அந்த மலையின் ஏழை எளியவர் உணவாக இருந்து, இன்று எல்லா உணவகங்களிலும் பெருமையோடு பரிமாறப்படுகிறது. பொரித்த முட்டையோடும் பாலாடைக்கட்டியோடும் கிடைக்கும். இறைச்சிக் கொத்தோடு வருவதைத் தவிர்த்தால் போதும். பொரிக்கும் எண்ணெய் தனியா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கற்றூண்கள் மேல் நிற்கும் மரக் களஞ்சியங்களில் மக்காச்சோளக் கதிர்கள் தொங்குவதை வழியெங்கும் பார்ப்பீர்கள்; 17-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அந்தத் தானியம்தான் இந்த ஈர மலைகளில் கோதுமை சரியாக விளையாத குறையைத் தீர்த்தது. செப்டம்பர் கடைசியில் மழை பெய்திருந்தால் காளான் சேர்த்த முட்டைப் பொரியலும் கிடைக்கும். இறுதியில் ‘அரோஸ் கோன் லெச்சே’. அரிசியைப் பாலில் நெடுநேரம் காய்ச்சி, மேலே சர்க்கரை தூவி, சூட்டுக்கோலால் பொன்னிறமாகக் கருக்கித் தருவார்கள். அம்மாவுக்கு அது நிச்சயம் பிடிக்கும்.

பாலாடைக்கட்டியில் மட்டும் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். கப்ராலேஸ் என்ற புகழ்பெற்ற நீலப் பாலாடைக்கட்டி, பசும்பாலிலோ அதோடு செம்மறி, வெள்ளாட்டுப் பால் கலந்தோ செய்யப்பட்டு, மலைக்குகைகளின் குளிர்ச்சியிலும் ஈரத்திலும் குறைந்தது இரண்டு மாதம் முதிர்விக்கப்படுவது. 1981 முதல் பிறப்பிடப் பெயர்ப் பாதுகாப்புப் பெற்றது. பக்கத்து ஊர்களின் கமொனேவு புகையூட்டிய வகை. கோடையில் மேய்ச்சல் மேடுகளிலேயே செய்யப்படுவது விலை கூடியது, அந்த விலைக்குத் தகுதியானதும்கூட. இத்தகைய மரபான பாலாடைக்கட்டிகளைக் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைக் கொண்டே உறையவைப்பது வழக்கம். அதை ஏற்பதா வேண்டாமா என்று அம்மா முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளட்டும்.

செலவைப் பற்றிச் சுருக்கமாக: வார நாள்களில் ‘மெனு தெல் தியா’ என்ற நாள் சாப்பாட்டைக் கேளுங்கள். முதல் தட்டு, இரண்டாம் தட்டு, இனிப்பு அல்லது காபி, ரொட்டி, குடிக்க ஏதாவது எல்லாம் ஒரே விலையில் அடங்கும். முதல் தட்டாகவே பானை உணவு வரும், பானையையே மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். இரண்டாவதாகக் கனமான எதையும் சொல்லாதீர்கள். குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது அங்கே 2022-ஆம் ஆண்டுச் சட்டம், கூச்சமில்லாமல் கேட்கலாம். டிப்ஸ் கட்டாயமில்லை.

சிட்ரா எனப்படும் ஆப்பிள் மதுவைத் தலைக்கு மேல் தூக்கிய புட்டியிலிருந்து, இடுப்புக்குக் கீழே சாய்த்துப் பிடித்த கண்ணாடிக் குவளையின் விளிம்பில் மோதும்படி ஊற்றுவார்கள். அந்த மோதலில் எழும் நுரை அடங்குவதற்குள் ஒரே மடக்கில் குடிக்க வேண்டும். அஸ்தூரியாஸின் சிட்ரா பண்பாடு 2024-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஒரு மடக்குச் சிறிதாகத் தெரிந்தாலும் புட்டி விரைவில் காலியாகும். எனவே, காரோட்டுபவர் அதைத் தொடவே வேண்டாம். போத்தெஸுக்குச் செல்லும் எர்மீதா மலைப்பிளவுச் சாலை குறுகலும் வளைவுமானது.

எந்த உணவகம் என்று பெயர் கேட்பீர்கள். பெயரைவிடப் பார்க்க வேண்டியவை வேறு: மெனு குறுகியதாக இருக்கிறதா, கரும்பலகையில் கையால் எழுதியிருக்கிறதா, 2 மணிக்கு ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்களா. வாசலில் பல மொழிகளில் படம் போட்ட அட்டை இருந்தால் அடுத்த ஊருக்குப் போவதே மேல். குடும்ப வழியில் சமையலைக் கற்ற பெண்கள் 1997-இல் அஸ்தூரியாஸில் ‘கிசாந்தேராஸ்’ என்ற பெயரில் ஒரு சங்கம் அமைத்தார்கள். அதன் உறுப்பினர்கள் நடத்தும் உணவகம் உங்கள் வழியில் இருந்தால் சற்றுச் சுற்றியாவது போய்ச் சாப்பிடுங்கள். தாயிடமிருந்து மகளுக்கு வந்த கைப்பக்குவம் இத்தனை ஆண்டுகள் பெயர் தெரியாமலே கிடந்தது. அதைப் பொதுவெளியில் நிறுத்தியவர்கள் அவர்கள்.

ஞாயிறு மதியம் ஊர்க்காரர்களே குடும்பம் குடும்பமாக வந்துவிடுவார்கள், முன்பதிவு இல்லாமல் இடம் கிடைப்பது அரிது. வார விடுமுறை ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு நாள். கோடை முடிந்ததும் நேரமும் மாறும். அதனால் தங்கும் விடுதிக்காரரிடம் சொல்லி, முதல் நாளே தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள். அந்த அழைப்பிலேயே அம்மாவுக்காக இறைச்சி சேர்க்காமல் காய்கறியோடு வேகவைத்த வெள்ளை அவரை ஒரு சிறு பானை கிடைக்குமா என்றும் கேட்கச் சொல்லுங்கள். விதையை ஊறவைப்பதே முந்தைய இரவு என்பதால், அன்று காலையில் கேட்டால் இல்லை என்பார்கள். முதல் நாள் கேட்டால் செய்து தரும் சமையலறைகள் இருக்கின்றன.