முதலாளி தலையிடவில்லை என்றால் பத்திரிகை சுதந்திரமாகத்தானே இருக்கிறது?

கேள்வி: பெரும் பணக்காரர்கள் பத்திரிகையையோ டிவி சேனலையோ வாங்கினால் என்ன தப்பு? செய்தியில் அவர்கள் கை வைக்காதவரை பத்திரிகைச் சுதந்திரத்துக்கு என்ன குறை?

பதில்:

கை வைக்காதவரை குறை இல்லைதான். எப்போது வைப்பது என்பதையும் முதலாளியே முடிவு செய்கிறார், அங்கேதான் வில்லங்கம்.

அமேசான் முதலாளி ஜெஃப் பெசோஸ் 2013இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழை 25 கோடி டாலருக்கு வாங்கினார். பல வருடம் செய்தி அறைப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. பணம் போட்டார், ஆள் எடுத்தார்கள், பத்திரிகை நிமிர்ந்தது. 2024 அதிபர் தேர்தலுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, கமலா ஹாரிஸை ஆதரித்து ஆசிரியர் குழு எழுதி வைத்திருந்த தலையங்கம் நிறுத்தப்பட்டது. முடிவு பெசோஸுடையது. சில நாளில் சுமார் இரண்டரை லட்சம் பேர் சந்தாவை ரத்து செய்தார்கள். பத்திரிகை எந்த வேட்பாளரையும் ஆதரிக்காமல் இருப்பது பாவமில்லை, என்னைக் கேட்டால் நல்ல வழக்கம்கூட. ஆனால் அதுவரை அங்கே இருந்த சுதந்திரம் அவர் பார்த்து விட்டுவைத்தது என்பது அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது.

நம் நாட்டில் என்டிடிவி செய்திச் சேனலின் கதை இன்னும் சுவாரசியம். அதன் நிறுவனர்களான ராய் தம்பதியருக்குச் சேனல் பங்குகளை வைத்திருக்க ஒரு கம்பெனி இருந்தது, அது 2009-10இல் 400 கோடிக்கு மேல் கடன் வாங்கியிருந்தது. கடனைப் பங்காக மாற்றிக்கொள்ளும் உரிமை கடன் கொடுத்த கம்பெனிக்கு உண்டு. 2022 ஆகஸ்டில் அதானி குழுமம் கடன் கொடுத்த அந்தக் கம்பெனியையே வாங்கி, சேனலின் 29.18 சதவீதப் பங்கைக் கேட்டது. சேனலை நடத்துகிறவரிடம் பேரம்கூடப் பேசவில்லை, பழைய கடன் பத்திரத்தைக் கையில் எடுத்தார்கள், அவ்வளவுதான். நவம்பர் முடிவதற்குள் அதன் பிரபல இந்திச் செய்தியாளர் ரவீஷ் குமார் ராஜினாமா செய்துவிட்டார்.

எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் இவ்வளவு செலவே தேவையில்லை. என் மச்சினன் ஒரு நாளிதழுக்குத் தாலுகா நிருபராக இருந்தான். சம்பளம் கிடையாது. செய்திக்குத் தரும் காசு பெட்ரோலுக்குக் காணாது. பிழைப்பு ஓடுவது விளம்பரக் கமிஷனில். பொங்கல், தீபாவளி, மாங்கனிக் கண்காட்சி சிறப்பு மலர், ஸ்கூல் அட்மிஷன் சீசன் என்று வரிசையாக டார்கெட் வரும். யாரிடம் போய் நிற்பது? கிரானைட் குவாரிக்காரர், மாங்கூழ் ஃபேக்டரிக்காரர், பள்ளித் தாளாளர். எழுதவேண்டிய செய்தியும் முக்கால்வாசி இவர்களைப் பற்றித்தான்.

ஒருமுறை குவாரி வெடியில் பக்கத்து ஊர் வீடுகளில் சுவர் விரிசல் விட்டது. விரிசலில் பத்து ரூபாய் நாணயத்தைச் செருகிவைத்து போட்டோ எடுத்தான். ஜனங்கள் சொன்னது, கலெக்டருக்குக் கொடுத்த மனு நகல் எல்லாம் சேர்த்து அனுப்பினான். மறுநாள் உள்பக்கத்தில் நாலு வரி வந்தது, ‘பொதுமக்கள் கோரிக்கை’ என்று. எந்தக் குவாரி என்று இல்லை, போட்டோவும் இல்லை. சென்னையில் இருக்கும் முதலாளிக்கு அப்படி ஒரு ஊர் இருப்பதே தெரிந்திருக்காது. யாரும் யாருக்கும் போன் போடவில்லை. பொங்கலுக்கு முழுப்பக்க வாழ்த்து கொடுத்தவர் யார் என்று செய்தியைத் திருத்தும் டெஸ்க்கில் இருந்தவருக்குத் தெரியும். அதற்கப்புறம் அந்த மாதிரிச் செய்தியை இவன் அனுப்பவே இல்லை. கேட்டதற்கு, “எழுதுறேன் மாமா, விளம்பரம் நீங்க தர்றீங்களா?” என்றான்.

நியாயமான கேள்விதான். நாம் பேப்பருக்குக் கொடுக்கும் காசு காகிதத்துக்கும் அச்சுக்குமே காணாது, மிச்சத்தைக் கொடுப்பவர் விளம்பரதாரர்.

இதையும் மீறி ஒருவர் எழுதினால் அவதூறு வழக்கு இருக்கிறது. கிரிமினல் அவதூறுச் சட்டம் செல்லும் என்று 2016இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, இரண்டு வருடம் வரை சிறை. பணக்காரர் அந்த வழக்கில் ஜெயிக்கவே வேண்டாம். வாய்தா வாய்தாவாக இழுத்தடித்தால் நிருபர் தானாக ஓய்ந்துவிடுவார்.

யூடியூப் வந்துவிட்டதே, இனி எவன் தயவும் வேண்டாம் என்பார்கள். மச்சினனும் நிருபர் வேலையை விட்டுவிட்டு இப்போது போனும் மைக்குமாகச் சேனல்தான் நடத்துகிறான், நன்றாகவே ஓடுகிறது. முதல் ஸ்பான்சர் ஓசூர் ரோட்டில் மனை விற்பவர். அந்த லேஅவுட்டுக்கு அப்ரூவல் இருக்கிறதா என்று ஊரே பேசுகிறது, சேனலில் மட்டும் இன்னும் வரவில்லை.