பேச வராத சிஸ்டருக்குக் கரிசனம் இல்லையா?

கேள்வி: அக்கா, நான் கோத்தகிரி பக்கம் ஒரு ஆஸ்பத்திரில மூணு வருஷமா ஸ்டாஃப் நர்ஸ். மருந்து, ட்ரிப்ஸ், டிரெஸ்ஸிங் எதுலயும் குறை வெச்சதில்ல. ஆனா எனக்கு அதிகமா பேச வராது. போன வாரம் ஒரு பாட்டியோட மக, 'இந்த சிஸ்டர் நல்லாதான் வேலை பாக்குது, பாசம்தான் இல்ல'ன்னு சொல்லிட்டாங்க. கூட இருக்குற பொண்ணு எல்லார் கையையும் புடிச்சுட்டுப் பேசும், அவளத்தான் தேடுறாங்க. எனக்குக் கரிசனமே இல்லையா அக்கா?
(பெயர் வேண்டாம், கோத்தகிரி)

பதில்: இருக்கும்மா, நிறையவே இருக்கு.

1984ல அமெரிக்காவுல பாட்ரிசியா லார்சன்னு ஒரு நர்ஸ் ஆராய்ச்சியாளர், நர்ஸ் செய்யுற 50 விஷயத்தக் குடுத்து, இதுல எது இருந்தா நம்மள நல்லா பாத்துக்கிறாங்கன்னு தோணும், வரிசையா வைங்கன்னு கேன்சர் நோயாளிங்ககிட்ட கேட்டாங்க. நர்சுங்ககிட்ட கேட்டப்போ காது குடுத்துக் கேக்குறது, தொட்டு ஆறுதல் சொல்றதெல்லாம் மேல வந்துச்சு. நோயாளிங்க மேல வெச்சது என்ன தெரியுமா, ஊசி ட்ரிப்ஸ் ஒழுங்கா போடத் தெரியணும், மிஷின கையாளத் தெரியணும்! நாம சாதாரண வேலைன்னு நெனைக்கிறதத்தான் அவங்க கரிசனம்னு பாத்திருக்காங்க.

நம்ம மலையில இது இன்னும் நல்லா புரியும். நான் குன்னூர்ல வேலைக்குச் சேந்த புதுசு, ஜனவரி மாசம், விடிகாலை, வெளிய உறைபனி, ஹட்டில (படுகர் கிராமம்) இருந்து வந்த ஒரு பாட்டிக்கு வென்ஃப்ளான் (ட்ரிப்ஸ் ஏத்துற ஊசிக்குழாய்) போடணும், கை ஐஸா இருக்கு, குளிருக்கு நரம்பெல்லாம் சுருங்கி உள்ள போயிடுச்சு, ரெண்டு தடவ குத்தியும் கிடைக்கல, பாட்டி கண்ணுல தண்ணி. சீனியர் சிஸ்டர் வந்தாங்க, ஒண்ணும் பேசல. வெதுவெதுப்பான தண்ணில துண்ட நனைச்சுப் புழிஞ்சு, மொதல்ல தன் மணிக்கட்டுல வெச்சு சூடு பாத்துட்டு, அப்புறம் பாட்டி கைல சுத்தி கட்டிலுக்குக் கீழ தொங்க விட்டாங்க. அஞ்சு நிமிஷம். ஒரே குத்துல ஏறிடுச்சு. டிஸ்சார்ஜ் ஆகுற வரைக்கும் அந்தப் பாட்டி 'வெந்நீர் சிஸ்டர் எங்க'ன்னுதான் கேட்டாங்க, பேரே தெரியாது.

ஆனா ஒண்ணு, அந்த மக சொன்னதையும் தள்ளிடாதீங்க. நீங்க செய்யுறது அவங்களுக்குத் தெரியல, அவ்ளோதான். கதை பேச வேணாம், செய்யப்போறத சொல்லிட்டு செய்யுங்க, 'இப்ப கைய திருப்புறேன் பாட்டி, கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும்', போதும். அப்புறம் சிக்கிள் செல் நோயாளிங்க (ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு போற பரம்பரை நோய்), இந்தியாவுல அந்த நோய மொதல்ல கண்டுபுடிச்சதே 1952ல நம்ம நீலகிரி பழங்குடி மக்கள்கிட்டதான், குளிர்ல அவங்களுக்கு வலி கெளம்பிடும், வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது, அதனால நடிக்கிறாங்கன்னு நெனைக்கிற ஆளுங்களும் இருக்காங்க. அங்க வலிக்குதுன்னு சொன்னா நம்பணும், டாக்டர உடனே கூப்பிடணும், இன்னொரு கம்பளி போத்தணும். இதுக்கெல்லாம் எவ்ளோ பேச்சும்மா வேணும்?

கூட இருக்குற பொண்ணோட உங்கள எடை போடாதீங்க. நைட் டூட்டில அவளுக்கு நரம்பு கிடைக்கலன்னா உங்களத்தான் கூப்பிடுவா, அப்ப துண்டோட போங்க, போகும்போது அவ பாட்டிங்ககிட்ட எப்படிப் பேசுறான்னும் கேட்டுட்டு வாங்க.