மருத்துவர் பதில்: ஓட்ஸும் பாதாமும் வாங்க வசதியில்லை, எனக்குச் சர்க்கரை வந்துவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 38, எடை 54 கிலோ. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வாரத்தில் நாலு நாள் ஒண்ணரை ஷிஃப்ட். வீட்டில் கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள். கம்பெனியில் நடந்த முகாமில் ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 9.2, மூன்று மாத சர்க்கரை சராசரி 6.1 என்று வந்தது. ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், பாதாம், ஆப்பிள் சாப்பிடச் சொல்லி ஒரு தாள் கொடுத்தார்கள். சாப்பாட்டுச் செலவுக்கு மாதம் ஏழாயிரம்தான். அதில் பிள்ளைகளின் ஹெல்த் டிரிங்குக்கும் பிஸ்கட்டுக்குமே 900 போய்விடுகிறது. மாமியாரின் பிரஷர் மாத்திரைக்குத் தனியாக 400. ரேஷன் அரிசிதான் பொங்குகிறோம், அதில் கலந்துவரும் பிளாஸ்டிக் அரிசியைப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் உலையில் போடுவேன். காசு இல்லாதவர்கள் ஆரோக்கியமாக இருக்கவே முடியாதா டாக்டர்?

பதில்: அந்தத் தாளை மடித்து வையுங்கள். உங்களுக்கு இப்போது அவசரம் சர்க்கரை அல்ல, ரத்தசோகை. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். 9.2 என்பது நடுத்தர ரத்தசோகை. ஒண்ணரை ஷிஃப்ட் நின்றுகொண்டே வேலை பார்த்து, வீட்டுக்கு வந்து அடுப்படியில் நிற்கும்போது மூச்சு வாங்குகிறதென்றால் அது வயதுக் கோளாறு இல்லை.

இன்னொரு விஷயம், முகாமில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்பது சரிதான். ஆனால் இரும்புச்சத்து குறைந்தால் புதிய சிவப்பணுக்கள் உருவாவது மந்தமாகும். பழைய அணுக்களே கூடுதல் நாள் ஓடிக்கொண்டிருக்கும், அவற்றில் சர்க்கரையும் கூடுதலாக ஒட்டியிருக்கும். அதனால் இந்தச் சராசரி உண்மையைவிடக் கொஞ்சம் ஏற்றியே காட்டக்கூடும். வெறும் வயிற்றிலும், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் ஒருமுறை பாருங்கள். 100, 140-க்குள் இருந்தால் பதற வேண்டியதில்லை.

இப்போது அந்த அரிசி. நீங்கள் பொறுக்கி எறிவது பிளாஸ்டிக் அல்ல. அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவத்தில் வார்த்த செறிவூட்டிய மணிகள் அவை. நூறு மணிக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்திருப்பார்கள். நிறம் கொஞ்சம் மாறியிருக்கும், களையும்போது மிதக்கும், அதனால்தான் இந்தச் சந்தேகம். ரத்தம் குறைந்த நீங்கள் இரும்பைத் தேடிப் பொறுக்கிக் குப்பையில் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்! இனி அப்படியே பொங்குங்கள். அதிகமாகத் தண்ணீர் விட்டுக் கஞ்சி வடிக்காமல், அளவாக வைத்துக் குக்கரில் வேகவிட்டால் பி வைட்டமின்களும் தங்கும். வீட்டில் யாருக்காவது தலசீமியா போன்ற ரத்த நோய் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் அரிசியும் முருங்கைக் கீரையும் மட்டும் 9.2-ஐ 12 ஆக்காது. கீரையிலுள்ள இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். மாத்திரை வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை இலவசம். மருத்துவர் சொல்லும் அளவில் எடுங்கள், டீயோடு வேண்டாம். டீயும் காபியும் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும், சாப்பாட்டுக்கும் அவற்றுக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சையோ ஒரு கொய்யாவோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உடலில் சேரும். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும், பாதிப் பேர் அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகமா என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் போனாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ மகப்பேறு மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். ஓட்டையை அடைக்காமல் தொட்டியை நிரப்ப முடியாது. மூலம் இருந்தாலும் சொல்லுங்கள்.

அடுத்து காசு. மாமியாரின் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஒருமுறை போங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் அங்கே இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் தருகிறார்கள். மருத்துவர் மாற்றித் தரும்வரை பழைய மாத்திரையை மட்டும் ஒருநாளும் விடக்கூடாது.

ஹெல்த் டிரிங்க் விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. சர்க்கரையும் மால்ட்டும்தான் அதில் பெரும்பகுதி. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒன்றே இல்லை என்பதால், அந்தப் பெயரில் பானங்களைப் பட்டியலிடக் கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு மத்திய அரசு 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது. ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பை ஐந்து பேருக்குப் பிரித்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு ஏழு கிராம்கூட வராது. உங்கள் தட்டில் உண்மையான பஞ்சம் அங்கேதான். அந்த 900 ரூபாயில் மேற்கொண்டு இரண்டு கிலோ பருப்போ பச்சைப்பயறோ, ஐந்து டஜன் முட்டை, ஒரு கிலோ நிலக்கடலை கிட்டத்தட்ட அடங்கிவிடும். கடைக்குக் கடை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். நிலக்கடலையில் புரதம் பாதாமைவிடக் குறைவில்லை. ராகியின் கால்சியம், எடைக்கு எடை பாலைவிட இரண்டரை மடங்குக்கு மேல். பிள்ளைகளுக்குக் காலையில் ராகிக் கஞ்சி போதும்.

உங்கள் ஊர் அரிசிம்பருப்பை விட்டுவிட்டு ஓட்ஸுக்கு ஏன் ஏங்க வேண்டும்? நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் பருப்பு போடுவீர்கள் என்றால், அதை மூன்றுக்கு ஒன்றரை ஆக்குங்கள். கூடவே ஒரு கீரைக் கடைசல். சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கும்போது கோழி ஈரலும் கால் கிலோ வாங்குங்கள், விலை குறைவு, அதிலுள்ள இரும்பு உடம்பில் எளிதில் சேரும். கிடைத்தால் ஆட்டுச் சுவரொட்டியும் (மண்ணீரல்) நல்லது. மத்தி மீனை விலை மலிவு என்று ஒதுக்காதீர்கள். காய்கறிக்கு உழவர் சந்தை, கடை கட்டும் நேரத்தில் போனால் இன்னும் மலிவு.

எண்ணெய்க்கு ஆலிவ் தேவையே இல்லை. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், ரேஷன் பாமாயில், எதுவானாலும் ஐந்து பேருக்கு மாதம் மூன்றரை லிட்டரைத் தாண்டக் கூடாது. பலகாரம் சுட்ட எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சாதீர்கள்.

கம்பெனி டீயில் கவனம் வேண்டும். நாளுக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் அதிலேயே 40 கிராம் சர்க்கரை. 25 கிராமுக்குள் இருப்பது நல்லது. இரண்டு டீயாக, அரைச் சர்க்கரையில் குறையுங்கள், வடையோடு சேர்த்துக் குடிக்கும் அந்த ஆறு மணி டீயை முதலில் விடுங்கள். கையில் ஒரு பிடி வறுகடலை வைத்துக்கொள்ளுங்கள். நடைப்பயிற்சி இப்போதைக்கு வேண்டாம், ரத்தம் ஏறட்டும். ஒண்ணரை ஷிஃப்ட் நாட்களில் ஏழு மணி நேரம் தூங்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

மாத்திரை தொடங்கி ஒரு மாதம் கழித்து ஹீமோகுளோபின் பாருங்கள். ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் மாத்திரையை மாற்றிக்கொண்டிருக்காமல், பி12, தைராய்டு, மலப் பரிசோதனைக்கு எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். மூன்று மாத சர்க்கரை சராசரியை, ரத்தம் ஏறிய பிறகு திரும்ப எடுத்து எனக்கு எழுதுங்கள்.