சிக்கன் அண்ட் டம்ப்ளிங்ஸ் வீட்டில் செய்தால் டம்ப்ளிங் வெளியே கல்லாகவும் உள்ளே பச்சை மாவாகவும் இருக்கிறதே, ஏன்?

கோழிச் சூப்பில் மாவை வேகவைத்துச் சாப்பிடுகிற அமெரிக்கச் சாப்பாடு இது, அந்த மாவுத் துண்டுதான் டம்ப்ளிங். மாவை நன்றாக அடித்துப் பிசைந்தீர்கள். அழகாக உருட்டி, தளதளவென்று கொதிக்கிற சூப்பில் போட்டீர்கள். அப்புறம் வெந்துவிட்டதா என்று நாலு தடவை மூடியைத் திறந்து பார்த்தீர்கள். எப்படித் தெரியும் என்றால், முதல் தடவை நானும் இதையேதான் செய்தேன்.

நான் இருப்பது அமெரிக்காவில் வட கரோலினா, ராலே பக்கம். பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி. அந்த மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். நாங்கள் குடிவந்த புதிதில், ஒரு குளிர்கால மாலை, "ராத்திரிக்கு சிக்கன் பேஸ்ட்ரி கொண்டு வருகிறேன்" என்றார். நான் நம்மூர் பேக்கரி சிக்கன் பஃப்ஸை நினைத்துக்கொண்டு டீ போட்டு வைத்தேன். அவர் கொண்டு வந்தது ஒரு பெரிய பாத்திரம். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக, கோழி மிதக்கிற ஏதோ ஒன்று. கிழக்குக் கரோலினாவில் தட்டையாக வெட்டிப் போடும் டம்ப்ளிங்குக்குப் பேரே பேஸ்ட்ரிதான் என்று அப்புறம்தான் தெரிந்தது. சில ஊர்களில் வழுக்கிக்கொண்டு போவதால் ஸ்லிக்ஸ் என்கிறார்கள். டெலவேர் மாநிலத்தில் ஸ்லிப்பரி டம்ப்ளிங். பென்சில்வேனியாவின் ஜெர்மன் வழிக் குடும்பங்களில் இதே மாதிரி ஒன்றை பாட் பை என்கிறார்கள், ஆனால் அதில் பை எதுவும் கிடையாது.

இரண்டு சாதி இருக்கிறது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று தட்டை. பேக்கிங் பவுடர் வேண்டாம். மாவைத் தேய்த்து 3 மில்லிமீட்டர் கனத்தில் நாடாவாக வெட்டிப் போடுவது. இன்னொன்று பஞ்சு போல உப்புவது. பேக்கிங் பவுடர் போட்ட தளர்ந்த மாவைக் கரண்டியால் அள்ளி வைப்பது. நீங்கள் செய்தது இரண்டாவது. ஆனால் கையாண்ட விதம் முதலாவதுக்கு உரியது.

இங்கே ஒரு சொந்தக் கதை. நான் கீழக்கரைக்காரி. எங்கள் பக்கம் தக்கடி செய்வோம். வறுத்த அரிசி மாவு, தேங்காய்ப்பூ, வெங்காயம், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்துப் பிசைந்து, கையில் பிடித்து, ஆட்டுக்கறிக் குழம்பில் வேகவிடுவது. கோதுமை மாவை இழுபட்டு ஒட்டவைக்கிற புரதம் குளூட்டன், அது அரிசியில் கிடையாது. இறுக்கிப் பிடிக்காவிட்டால் குழம்பில் உடைந்து கரைந்துவிடும். "அழுத்திப் பிடி" என்று உம்மா சொல்லிச் சொல்லி என் கை அப்படியே பழகிவிட்டது. அந்தக் கையோடு மைதாவைப் பிடித்தேன். மைதாவில் அழுத்த அழுத்த குளூட்டன் இழை இழையாகப் பின்னிக்கொள்ளும், இறுகும், பேக்கிங் பவுடர் விடும் காற்று ஊதி விரிய இடம் கொடுக்காது. வெளியே கல், உள்ளே பச்சை. பாட்டி ஒன்றைக் கரண்டியால் வெட்டிப் பார்த்துவிட்டு, "உன் மாவு உன்னைக் கண்டு பயந்துவிட்டது" என்றார். அன்றைக்குச் சூப்பில் நான் இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள் எல்லாம் போட்டிருந்தேன். அதைப் பற்றி மரியாதையாக ஒன்றும் சொல்லவில்லை.

சரி, செய்முறை. கோழியில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் டம்ப்ளிங்குக்கு என்று தனி ருசி கிடையாது, அது குடிக்கும் சாறுதான் அதன் ருசி. முட்டையிட்டு ஓய்ந்த முதிய கோழியை மணிக்கணக்கில் வேகவைத்து மிருதுவாக்கத்தான் பண்ணை வீடுகளில் இதைச் செய்தார்கள். நம்மூரில் முட்டைக் கோழி கிடைத்தால் விடாதீர்கள், இரண்டரை மணி நேரமாவது ஆகும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள். பிராய்லர் என்றால் ஒன்றரைக் கிலோ முழுக் கோழி, ஒரு மணி நேரம் போதும். கடையில் கேட்காமலே தோலை உரித்துவிடுவார்கள், "தோலோடு வேணும்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். எலும்பும் தோலும்தான் சாறுக்கு உடம்பு கொடுப்பவை. எலும்பில்லாத நெஞ்சுக்கறியை வைத்துச் செய்தால் மாவு போட்ட வெந்நீர்தான் வரும்.

கோழியோடு இரண்டரை லிட்டர் தண்ணீர், ஒரு வெங்காயம், இரண்டு கேரட், இரண்டு தண்டு செலரி, பத்து மிளகு. கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மேலே ஒன்றிரண்டு குமிழ் வருகிற அளவில் வையுங்கள். வெந்ததும் கோழியை எடுத்து ஆறவைத்துப் பிய்த்துக்கொள்ளுங்கள். சாறை வடிகட்டி, மேலே மிதக்கும் கொழுப்பில் நாலு மேசைக்கரண்டி எடுத்து, அதில் நாலு மேசைக்கரண்டி மைதாவைச் சிவக்காமல் பச்சை வாசம் போக வறுத்து, சாறை விட்டுக் கரைத்தால் கெட்டிப்படும். உப்பைக் கொஞ்சம் குறைவாகவே போட்டு வையுங்கள். மசாலா என்று பார்த்தால் மிளகு ஒன்றுதான், அதைத் தாராளமாக.

மாவுக்கு: மைதா 2 கப், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, ஆப்ப சோடா கால் தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி. இதில் 60 கிராம் குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் தேய்த்துப் புட்டு மாவு மாதிரி உதிர்த்துவிடுங்கள். அமெரிக்கக் குறிப்புகளில் பட்டர்மில்க் என்று இருக்கும். அதை மோர் என்று மொழிபெயர்த்து நம்வீட்டு நீர்மோரை ஊற்றியவர்கள் உண்டு. அங்கே கிடைப்பது புளிக்கவைத்த கெட்டிப் பால். தயிரில் கால் பங்கு தண்ணீர் விட்டு அடித்தால் சரியாக இருக்கும். முக்கால் கப் ஊற்றி, கரண்டியால் பத்துப் பன்னிரண்டு சுற்று, அவ்வளவுதான். ஈரமும் கட்டியுமாக, அரைகுறையாகத் தெரியும். அப்படித்தான் இருக்க வேண்டும். கையை எடுங்கள்.

தென் மாநிலத்துக்காரர்கள் மாவு விஷயத்தில் பிடிவாதக்காரர்கள். டென்னசியின் நாக்ஸ்வில் நகரில் 1883-இல் தொடங்கிய ஒயிட் லில்லி மாவுதான் வேண்டும் என்பார் பாட்டி. மென்கோதுமை மாவு, புரதம் குறைவு, அதனால் எளிதில் இறுகாது. இந்தியாவில் நம் மைதாவே போதும். அமெரிக்காவில் வாங்குகிறவர்கள் பையில் செல்ஃப் ரைசிங் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் பேக்கிங் பவுடரும் உப்பும் அதிலேயே இருக்கிறது, மறுபடி போட்டால் வாயில் வைக்க முடியாது.

இனி முக்கியமான கட்டம். அகலமான பாத்திரம் எடுங்கள். பிய்த்த கோழியைச் சாறில் போட்டு, மெதுவான கொதி வந்ததும் மாவைச் சின்ன எலுமிச்சை அளவில் அள்ளி, மேலே மிதக்கிற மாதிரி இடைவெளி விட்டு வையுங்கள். வேக வேக இரண்டு மடங்காகும். கொதியே வராத சாறில் போட்டால் கரையும், தளதளவென்று கொதித்தால் உடையும். இப்போது மூடி. 15 நிமிடம். திறக்கக் கூடாது. உருண்டையின் கீழ்ப்பாதி சாறில் வேகிறது, மேல்பாதி ஆவியில் வேகிறது. இட்லி வைத்துவிட்டு ரெண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கொப்பரையைத் திறந்தால் என்ன ஆகுமோ அதேதான் இங்கேயும். கண்ணாடி மூடி இருந்தால் நல்லது, வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கலாம். அப்புறம் ஒன்றை எடுத்துப் பிய்த்துப் பாருங்கள். உள்ளே இட்லி மாதிரி கண் கண்ணாக, உலர்ந்து இருந்தால் வெந்துவிட்டது. நடுவில் ஈரமாக மினுங்கினால் இன்னும் மூன்று நிமிடம்.

பஞ்சு டம்ப்ளிங் அன்றைக்கே சாப்பிட வேண்டியது. மறுநாள் ஊறிக் குழைந்துவிடும். மிச்சம் வைக்கும் எண்ணம் இருந்தால் தட்டை வகை செய்யுங்கள். அது காலையில் களி மாதிரி இறுகியிருக்கும், அரை டம்ளர் சுடுதண்ணீர் விட்டுச் சூடாக்கினால் பழையபடி இளகும்.

போன வாரம் வீடியோ காலில் உம்மாவிடம் காட்டினேன். "தக்கடிதானே, ஏன் இப்படி வெளுத்துப்போய்க் கிடக்கு?" என்றார். என் வீட்டுக்காரர் தட்டு ஓரத்தில் எலுமிச்சை ஊறுகாய் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார். பாட்டி வருகிற நாளில் மட்டும் ஊறுகாய் பாட்டிலை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிடுவேன்.