தங்கைக்கும் அதே மூக்குதானே?

கேள்வி: எனக்கு வயது 24. என் மூக்கு அகலம் என்று பள்ளி நாளிலிருந்தே கிண்டல். செல்ஃபி எடுத்தால் மூக்குதான் முதலில் தெரிகிறது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, மூக்கைச் சரிசெய்யும் ஆபரேஷனுக்குப் பணம் சேர்த்துவிட்டேன். டாக்டரையும் பார்த்தாயிற்று. அம்மா மட்டும் பிடிவாதமாக வேண்டாம் என்கிறார். (தங்கைக்கும் இதே மூக்குதான், பாவம். எட்டாம் வகுப்பு படிக்கிறாள்.) அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
– பெயர் வேண்டாம்

பதில்: என் மகள் வயது உனக்கு. அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

அம்மாவைச் சம்மதிக்க வைக்க நான் வழி சொல்லப்போவதில்லை. உன் சம்பளம், உன் முகம், வயதும் 24. ‘நீ இருக்கிறபடியே அழகுதான்’ என்றும் சொல்லமாட்டேன். உன்னை நான் பார்த்ததே இல்லை.

என்னை உறுத்தியது அடைப்புக்குறிக்குள் நீ போட்ட வரி. ‘தங்கைக்கும் இதே மூக்குதான், பாவம்.’ அதென்ன பாவம்? அந்தப் பெண் உன்னிடம் வந்து அழுதாளா? அழுததாக நீ எழுதவில்லை. அவள் பாட்டுக்குப் பள்ளிக்கூடம் போய் வருகிறாள். பள்ளியில் உன்னை யாரோ கிண்டல் செய்தார்கள். அதே வேலையை இப்போது வீட்டுக்குள் நீ அவளுக்குச் செய்கிறாய். அதுவும் பரிதாபப்பட்டு!

ஆபரேஷன் முடிந்து நீ வீட்டுக்கு வரும் நாளை யோசி. மூக்கின் மேல் ஒரு வாரம் கட்டு. கண்ணைச் சுற்றிக் கன்றிப்போய் நீலம் பாரித்திருக்கும். அது மறையவே இரண்டு வாரம் ஆகலாம். மூக்கு அடைத்து, ராத்திரியெல்லாம் வாயால் மூச்சு விடுவாய். இத்தனையையும் அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். வீக்கம் முழுக்க வடிந்து, மூக்கு நுனி ஒரு வடிவத்துக்கு வர ஒரு வருடம்கூட ஆகும். அந்த ஒரு வருடமும் நீ கண்ணாடி முன்னால் நிற்பாய், உனக்குப் பின்னால் அவள் நிற்பாள். அக்கா வேண்டாமென்று ஒதுக்கிய மூக்கு தன் முகத்தில் அப்படியே இருக்கிறதே என்று ஒரு நாள் அவளுக்குப் படும்.

‘அக்கா, அப்போ எனக்கு?’ என்று கேட்டால் என்ன சொல்வாய்? ‘உனக்கு நன்றாகத்தான் இருக்கிறது’ என்றால் நம்பமாட்டாள். ‘நீயும் பண்ணிக்கொள்’ என்றால், முக வளர்ச்சி முடியாமல் பொறுப்பான டாக்டர் யாரும் அழகுக்காகக் கத்தி எடுக்கமாட்டார். பெண்களுக்கு 15, 16 வயதாவது ஆக வேண்டும். அதுவரை அவள் நாள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அப்புறம் அந்த செல்ஃபி. ஓர் அடி தூரத்தில் எடுத்தால், 5 அடியில் எடுத்ததைவிட மூக்கு சுமார் 30 சதவிகிதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கையை நீட்டிக் கிட்டத்தில் எடுத்த படத்தை நம்பியா ஆபரேஷன் மேஜையில் படுக்கப்போகிறாய்? போனைத் தங்கையிடம் கொடு. ஐந்தடி தள்ளி நின்று அவள் எடுக்கட்டும். நூற்றுக்கு 5 முதல் 15 பேர்வரை மறுபடியும் ஆபரேஷனுக்கு வருகிறார்கள், இதை டாக்டர் சொன்னாரா என்றும் யோசித்துப் பார்.

வீட்டில் மூத்தவளாகப் பிறந்தவளுக்குத் தன் முகம் தனக்கு மட்டும் சொந்தமில்லை. பழைய காலத்துப் பேச்சு என்று சிரிப்பாய். சிரித்துக்கொள், நான் மாற்றிக்கொள்ளப்போவதில்லை. உன் அம்மா ஏன் வேண்டாம் என்கிறார் என்று நீ எழுதவே இல்லை. கேட்டாயா? இரண்டு பெண்களைப் பெற்றவர் ஒரு மூக்கை மட்டும் நினைத்தா பேசுவார்?

சரி, செய்ய வேண்டியது இதுதான். டாக்டரிடம் தேதி வாங்கும் முன் தங்கையை உட்காரவைத்து, இதை ஏன் செய்துகொள்கிறாய் என்று சொல். அவள் முகத்தைப் பார்த்துச் சொல், ‘பாவம்’ என்ற சொல் வராமல் சொல். அப்படிச் சொல்ல முடிந்தால், இந்தப் பக்கத்தை அம்மாவிடம் காட்டு. அவரிடம் மீதியை நான் பேசிக்கொள்கிறேன். வாய் வரவில்லையென்றால், சேர்த்த பணம் எங்கேயும் ஓடிப்போகாது.