கிணற்றடிப் பனலும் சீனத்து விலைச் சண்டையும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சோலரைப் பற்றித்தான். மழை பிந்தினால் இப்படித்தான் போலும். சரி, ஒன்றாகவே பார்த்துவிடுவோம். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

2014இல் நகையை அடகு வைத்து, மிளகாய்த் தோட்டத்துக் கிணற்றுக்கு 250 வாட் பனல் நான்கு வாங்கினேன். போன மாதம் பக்கத்துக் காணித் தம்பி 550 வாட் பனல் இரண்டு வாங்கினான், என்னுடைய ஒரு பனலை விட அவனுடைய ஒன்று மலிவு. டொலர் இப்படி ஏறிய பிறகும்! அப்போது என்னை ஏமாற்றிவிட்டார்களா? (விசுவமடு)

ஏமாற்றவில்லை அண்ணை. கணக்கைப் பாருங்கள். 2014இல் தொழிற்சாலை வாசலிலேயே ஒரு வாட் ஏறத்தாழ 65 அமெரிக்கச் சதம், டொலர் 130 ரூபா. உங்கள் பனல் ஒன்று கப்பல் ஏறுமுன்னமே 21,000 ரூபா. 2024 கடைசியில் ஒரு வாட் 10 சதத்துக்குக் கிட்ட வந்துவிட்டது. டொலரை 300 ரூபா என்று வைத்தாலும் 550 வாட் பனல் 16,500தான். கப்பல் கூலி, வரி, கொழும்பு முதலாளியின் இலாபம், கிளிநொச்சிக் கடைக்காரரின் இலாபம் எல்லாம் இரண்டுக்கும் மேலே ஏறியவை.

ஏன் இப்படி விழுந்தது என்றால், காலபோக நெல்லை எல்லாரும் ஒரே கிழமையில் அறுத்துக்கொண்டு வந்து வீதியோரம் கொட்டினால் என்ன விலை போகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, அதேதான். 2000களின் தொடக்கத்தில் இந்தத் தொழிலில் பெரிய கை ஜப்பான். ஷார்ப், கியோசெரா எல்லாம் அப்போதைய பெயர்கள். 2000இல் ஜேர்மனி ஒரு சட்டம் போட்டது: கூரையில் சோலர் போட்டால் அந்த மின்சாரத்தை 20 வருடத்துக்கு நிச்சயித்த விலையில் வாங்குவோம் என்று. சனம் பாய்ந்து விழுந்து போட்டது. பனல் போதவில்லை, பனலின் மூலப்பொருளான சிலிக்கனும் போதவில்லை, 2008இல் ஒரு கிலோ 400 டொலரையும் தாண்டியது. அந்த ஜேர்மன் ஆசையை நிரப்பத்தான் சீனா இறங்கியது. சிட்னியில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் மார்ட்டின் கிரீன் என்ற பேராசிரியரிடம் சோலர் படித்த ஷி ஜெங்ரோங் ஊர் திரும்பி, 2001இல் வூசி நகரில் சன்டெக் கம்பனியைத் தொடங்கினார். அவர் பணக்காரர் ஆனதைப் பார்த்ததும் ஊருக்கு ஊர் தொழிற்சாலை. மாகாண அரசுகள் காணி கொடுத்தன, வங்கிகள் கடன் கொடுத்தன. 2011இல் விலை தலைகுப்புற விழுந்தது. ஒரு காலத்தில் உலகின் முதலிடத்தில் இருந்த ஜேர்மனியின் கியூ-செல்ஸ் 2012இல் முறிந்து கொரியாக்காரர் கைக்குப் போனது. அடுத்த வருடமே சன்டெக்கின் வூசிக் கம்பனியும் முறிந்தது. தொடங்கி வைத்தவருக்கே அந்தக் கதி!

பிறகும் பாடம் படித்தார்களா? இல்லை. சிலிக்கன், வேஃபர் (சிலிக்கன் தகடு), செல் (வெயிலை மின்சாரமாக்கும் துண்டு), பனல் என்று எந்தப் படியை எடுத்தாலும் இன்று சீனாவின் பங்கு 80 வீதத்துக்கு மேல். உலகம் ஒரு வருடத்தில் வாங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு செய்யக்கூடிய தொழிற்சாலைகளைக் கட்டி வைத்துக்கொண்டு, ஆளை ஆள் விலையால் வெட்டுகிறார்கள். லொங்கி போன்ற சீனக் கம்பனி மலைகளே 2024இல் பெரிய நட்டம் காட்டின. பக்கத்துக் காணித் தம்பிக்குக் கிடைத்த மலிவு யாரோ ஒருவருடைய நட்டம்.

அமெரிக்கா சீனப் பனலுக்கு வரி போட்டால் எங்களுக்கு என்ன? (மாங்குளம்)

அங்கே போகாதது இங்கே வரும். 2012இல் சீனாவுக்கு வரி போட்டார்கள், தொழிற்சாலைகள் மலேசியா, வியட்நாம், தாய்லாந்து, கம்போடியா என்று இடம் மாறின. அங்கேயும் துரத்திக்கொண்டு போய், 2025 ஏப்ரலில் கம்போடியக் கம்பனிகள் சிலவற்றுக்கு 3,521 வீத வரி என்று தீர்த்தார்கள். எழுத்துப்பிழை இல்லை, மூவாயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்று! பணக்கார நாட்டுக் கதவு சாத்தினால் சரக்கு வேறு வாசல் தேடும். 2024இல் பாகிஸ்தான் மட்டும் ஏறத்தாழ 17 ஜிகாவாட் (ஒரு ஜிகாவாட் நூறு கோடி வாட்) பனல் இறக்கியது. இந்தியா வேறு வழி எடுத்தது: 2022இல் வெளிப் பனலுக்கு 40 வீதம் சுங்கம் போட்டுத் தன் தொழிற்சாலைகளை வளர்த்தது. திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டானில் டாடா, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் சோலர் என்று தமிழ்நாட்டிலேயே பெரிய ஆலைகள் ஓடுகின்றன.

வல்லிபுரத்தில் மணல், வன்னியில் வெயில், ஆனையிறவில் உப்பு. நாங்களே பனல் செய்ய முடியாதா? (பரந்தன்)

பரந்தன்காரர் உப்பைச் சேர்த்துக் கேட்டதில் எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் உப்புக்கு அதில் உண்மையாகவே வேலை இருக்கிறது. குவாட்ஸ் கல்லை நிலக்கரியோடு மின்னுலையில் உருக்கினால் அழுக்குச் சிலிக்கன் வரும். அதைச் சுத்தமாக்க, குளோரினிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைட்டோடு சேர்த்து ஒரு திரவமாக்கி, சாராயம் வடிப்பதுபோல் வடித்து, மறுபடி சிலிக்கனாகப் படியவைக்க வேண்டும். ஆனையிறவு உப்பிலிருந்து குளோரின் எடுத்த பரந்தன் கெமிக்கல்ஸில் வேலை செய்த பெரியவர்களுக்கு இந்த நெடி புதிதாக இராது.

ஆனால் கரண்ட்! சுத்தச் சிலிக்கன் ஒரு கிலோவுக்கு அந்தச் சுத்தமாக்கும் வேலைக்கு மட்டும் 50, 60 யூனிற் போகும். அதனால்தான் ஆலைகள் மலிவு நிலக்கரி இருக்கும் சின்ஜியாங்கிலும், மலிவு நீர்மின்சாரம் இருக்கும் யுன்னானிலும் போய்க் குந்தியிருக்கின்றன. எங்கள் மின்கட்டணத்தில் அடுப்பைப் பற்றவைத்தாலே கம்பனி மூடப்படும். செல்லை இறக்கிக் கண்ணாடிக்குள் ஒட்டி அலுமினியச் சட்டம் போடும் வேலை இங்கேயும் முடியும், ஆனால் முழுச் சங்கிலியிலும் இலாபம் குறைந்த இடங்களில் அதுவும் ஒன்று. வெயிலை மூலப்பொருள் கணக்கில் சேர்க்காதீர்கள் தம்பி, அது வாங்குபவனுக்குத்தான் உதவும்.

நீலப் பனலா, கறுப்புப் பனலா? (புதுக்குடியிருப்பு)

கறுப்பு. நீலம் பல பளிங்குச் சிலிக்கன், அதைச் செய்வதையே பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். யாராவது புதிது என்று நீலத்தை நீட்டினால் களஞ்சியத்தில் கிடந்த சரக்கு. கறுப்பிலும் என்-டைப் (புதுவகைச் செல்) என்று கேட்டு வாங்குங்கள். வெயிலில் பனல் 60 பாகைக்குக் கொதிக்கும்போது பழைய வகையில் மின்சாரம் 12 வீதமளவு குறைந்து போகிறது, இதில் 10 வீதமளவு. பெரிய வித்தியாசமில்லை, ஆனால் எங்கள் சித்திரை வெயிலுக்கு அதுவும் ஒரு வாளி தண்ணீர்.

கடைக்காரர் 25 வருட உத்தரவாதம் என்கிறார். நம்பலாமா? (தர்மபுரத்திலிருந்து ஒரு தங்கை)

பனலை நம்பலாம், கடதாசியை நம்ப வேண்டாம். 25 வருடம் என்பது மின்சாரம் இவ்வளவுக்குக் கீழே குறையாது என்ற வாக்கு. உடைவு, நீர்க்கசிவு போன்றவற்றுக்கு வேறு உத்தரவாதம், அது பெரும்பாலும் 12 வருடம். இரண்டையும் தந்த கம்பனி அதுவரை உயிரோடு இருக்க வேண்டுமே, மேலே சொன்ன சன்டெக் கதையை நினைத்துப் பாருங்கள். என் வீட்டில் முதலில் போனது பனல் இல்லை, இன்வேட்டர், அதாவது பனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி. மூன்றாம் வருடம் அதைத் தூக்கிக்கொண்டு வாங்கிய கடைக்குப் போனால், அங்கே கைபேசி உறை விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆகவே இன்வேட்டருக்கு யார் பொறுப்பு, உதிரிப்பாகம் எங்கே என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பூட்டுமுன் பனலின் முதுகில் ஒட்டியிருக்கும் தாளைப் படம் எடுத்து வையுங்கள், தொடர் இலக்கத்தோடு. கூரையில் பூட்டிய பிறகு அதை வாசிக்க ஓடு கழற்ற வேண்டும். நான் கழற்றிப் பார்த்தேன், கம்பனிப் பெயரில் கடைசி இரண்டு எழுத்தைத் தவிர மற்றதைக் கறையான் தின்றுவிட்டது.