ஒன்றும் செய்யாத பல்சக்கரம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவிலிருந்து வந்த அக்கா, அங்கே பழைய சாமான் சந்தையில் வாங்கிய, கையால் சுற்றித் துளை போடும் துரப்பணம் ஒன்றைக் கொண்டுவந்தாள். மில்லர்ஸ் ஃபால்ஸ் கம்பெனியின் நம்பர் 2. இந்த மாதிரிக் கருவிகளைச் சேர்க்கலாம் என்றிருக்கிறேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது பெயின்ட் அடித்து அலமாரியில் வைக்கப்போகிறேன். மேலே இருக்கும் சின்னப் பல்சக்கரம் துருவேறி இறுகிக் கிடந்தது. அது எதையும் சுற்றவில்லை என்பதால் கழற்றிவிட்டேன். இது என்ன விலை போகும்?

ச.

அன்புள்ள ச.,

விலையை விடுங்கள். விற்கச் சொல்லியா உங்கள் அக்கா அந்த இரும்பை இவ்வளவு தூரம் சுமந்து வந்தார்?

‘கழற்றிவிட்டேன்’ என்ற இடத்தில்தான் நின்றுவிட்டேன். போன வாரம்தான் அப்பாவின் துரப்பணத்தைப் பரணிலிருந்து இறக்கினேன். அதில் ஒரே ஒரு பினியன், அதாவது பெரிய சக்கரத்தோடு பல் கோக்கும் சின்னப் பல்சக்கரம். நிலைக்கதவில் கொக்கி மாட்ட அப்பா இரண்டு கையாலும் பிடியை அழுத்திக்கொள்வார், நான் சுற்றுவேன். அழுத்தம் கூடும்போது பெரிய சக்கரம் வெளியே சாயும், கடக்கென்று பல் நழுவும், என் விரல் முட்டி நிலையில் போய் இடிக்கும். “மெதுவாச் சுத்துடா” என்று திட்டுவார். என் அவசரத்தால்தான் நழுவுகிறது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

பின்னால் ஒரு நம்பர் 2-ஐக் கையில் வாங்கிச் சுற்றியபோதுதான் விஷயம் புரிந்தது. கீழ்ப் பினியன் துளை போடும் அலகைச் சுற்றுகிறது. சுற்றும்போதே பெரிய சக்கரத்தை வெளிப்பக்கம் தள்ளவும் செய்கிறது. ஒரு பக்கம் மட்டும் தள்ளினால் சக்கரம் சாயத்தானே செய்யும்? நேர் எதிரே மேல் பினியன் நின்று மறுபக்கத்தைத் தாங்குகிறது, சக்கரம் நேராக நிற்கிறது. அதன் வேலையே அதுதான். நீங்கள் அதைச் சும்மா இருக்கிறது என்று எழுதுகிறீர்கள்! அது இல்லாமல் சுற்றச் சுற்ற அச்சுத் துளை ஒரு பக்கமாகத் தேயும். பிறகு அந்தத் துரப்பணம் என் அப்பாவுடையதைப் போல ஆகிவிடும்.

மாசசூசெட்ஸில் மில்லர்ஸ் ஃபால்ஸ் கம்பெனி தொடங்கியது 1868இல். விசையை அழுத்தி ஓட்டும் மின் துரப்பணத்துக்கு பிளாக் அண்ட் டெக்கர் 1917இல் காப்புரிமை வாங்கிய பிறகும் பல பத்தாண்டுகள் நம்பர் 2 விற்பனையில் இருந்தது. கரன்ட் வந்த பிறகும் ஒரு கைக்கருவிக்கு இப்படி இரண்டாவது பினியன் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். உங்களுக்கு அது ஒரு மாலையில் வேண்டாத பொருளாகிவிட்டது.

பெயின்ட் அடிக்கக் கூடாது. சக்கரத்தில் மிச்சமிருக்கும் பழைய சிவப்பு அப்படியே இருக்கட்டும். உப்புத்தாளைக் குப்பையில் போடுங்கள். மரப்பிடியில் படாமல் இரும்பை மட்டும் ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊறவையுங்கள், காலையில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாலே போதும். அலகைக் கவ்விப் பிடிக்கும் ‘சக்’ பாகத்தைக் கழற்றினால் உள்ளே மூன்று தாடைகளும் குட்டி ஸ்பிரிங்குகளும் இருக்கும், வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டு கழற்றுங்கள். ஒரு ஸ்பிரிங் உருண்டு போனால் அலகை நேராகப் பிடிக்காது.

அப்புறம், அந்தப் பினியனைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? அதையும் ஊறவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இருந்த இடத்திலேயே மாட்டுங்கள். அலமாரிக்குப் போகும் முன் ஒரு தேக்குத் துண்டில் துளை போட்டுப் பாருங்கள். பெரிய சக்கரம் சாயாமல் சுற்றுகிறதா என்று எனக்கு எழுதுங்கள்.